கேட்டு வந்தவர்கள்

ஸ்பானிய மொழியில் என்னைப் படாதபாடு படுத்தியது ஒரு ஜோடி வினைச்சொற்கள்: பெதிர், பிரெகுன்தார். தண்ணீர் கொடு என்று கேட்டால் பெதிர். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் பிரெகுன்தார். தமிழில் இரண்டுக்கும் 'கேள்' ஒன்றுதான். தண்ணீருக்குத் தட்டுப்பாடான எங்கள் கோவில்பட்டியில் முதலில் பிரெகுன்தார், பதில் நல்லதாக இருந்தால் அப்புறம் பெதிர் என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். அப்படியும் வாயில் மாறித்தான் வந்தது.

பொறியியல் முடித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்து, சேரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போன காலம் அது. ஸ்பானியம் படித்தவர்களை முதலில் எடுப்போம் என்று கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பாடங்களையும் அனுப்பியிருந்தார்கள். தேர்வு தொலைபேசியில். ஒன்றுபோலத் தோன்றும் வினைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தேறினால் உடனே சென்னை. தேறாவிட்டால் வீடு. வீட்டில் அம்மா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அப்பா தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தார். மை விலகி வீணான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் வினைகளை ஜோடி ஜோடியாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசவில்லை.

"இது ரெண்டும் என்னட்டி?" என்று அம்மா ஒரு தாளைக் கரண்டியால் காட்டினாள்.

"ஸேர், எஸ்தார். ரெண்டும் 'இரு'தான். மண்ணு கறுப்பா இருக்குன்னா ஸேர், அது மாறாது. மண்ணு ஈரமா இருக்குன்னா எஸ்தார், நாளைக்குக் காஞ்சிரும்."

அப்பா எட்டிப் பார்த்தார். "நான் கோவமா இருக்கேன்னா எது?"

"எஸ்தார்ப்பா. கோவக்காரரா இருந்தாத்தான் ஸேர்."

"அப்ப உங்களுக்கு ஸேரே போதும்," என்றாள் அம்மா.

தேர்வு வெள்ளிக்கிழமை மாலை என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள் அம்மா எதிர்வீட்டு அத்தையிடம் பேசிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏட்டி, பசுவந்தனையில இருந்து ஒரு வீட்டுக்காரவிய உன்னையக் கேட்டாவளாம். மதினிக்குத் தெரிஞ்சவியதான். நாளைக்குச் சாயங்காலம் வாராவ."

"என்ன கேட்டாவ?"

"உன்னையத்தாம்ட்டி கேட்டாவ. வேற என்னத்தக் கேப்பாவ?"

"நாளைக்கு எனக்கு பரீட்சை இருக்கும்மா."

"போன்லதான? செத்த நேரம் கழிச்சுப் பண்ணச் சொல்லு."

அப்பாவைக் கடம்பூருக்கு அனுப்பிப் போளி வாங்கிவரச் சொன்னாள். செய்யத் தெரிவது ஸபேர், ஆளைத் தெரிவது கொனொஸேர் என்று அன்று காலைதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். "எனக்குப் போளியில ஸபேர் கிடையாது, கடக்காரர கொனொஸேரு உண்டு," என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். கணவன், மனைவி இரண்டே பேர். பட்டுச் சேலையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினாள் அம்மா. கணவர் தான் பருத்தி போட்டதையும் மழை ஏமாற்றியதையும் அப்பாவிடம் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாயி, நீ படிச்ச காலேஜில ஆஸ்டல் சாப்பாடு எப்படி?"

சுமார்தான் என்றேன்.

"முதல் வருசம் கணக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமோ?" இது அவர் மனைவி.

அம்மா போளித் தட்டோடு அப்படியே நின்றாள். அவர் தொடர்ந்தார். "எங்க மக பன்னெண்டாவது முடிச்சிட்டா. கம்ப்யூட்டர் எடுக்கதா, வேற எதும் எடுக்கதான்னு தெரியல. அதான் உங்க மகள்ட்ட கேக்கலாம்னு வந்தோம்."

"கேக்கவா வந்திய?" என்றாள் அம்மா.

"ஆமா, கேக்கத்தான்."

அப்பா மேசை விசிறியை ஏதோ பழுதுபார்க்கப் போவதுபோல் உற்றுப் பார்த்தார். அந்த நொடியில் தொலைபேசி அடித்தது.

கூடத்தில்தான் இருந்தது தொலைபேசி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுச் சேலையில் ஸ்பானியம் பேசினேன். மறுமுனையில் ஒரு பெண்மணி. ஸேர், எஸ்தார் சொன்னேன். ஸபேர், கொனொஸேர் சொன்னேன். அடுத்து அவர் பெதிருக்கும் பிரெகுன்தாருக்கும் என்ன வித்தியாசம் என்றார்.

படித்த தண்ணீர் உதாரணம் சுத்தமாக மறந்துவிட்டது. எதிரே அம்மா, தட்டு, போளி. எனக்கு இறந்தகாலம் இன்னும் சரியாக வராது. ஆகவே எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே சொன்னேன். வீட்டுக்கு ஒரு குடும்பம் வருகிறது. என் அம்மா இனிப்பு வாங்குகிறாள். நான் பட்டு உடுத்துகிறேன். ஆனால், நோ மே பீதென். மே பிரெகுன்தான். என்னைப் பெண் கேட்கவில்லை, என்னிடம் விவரம் கேட்கிறார்கள்.

போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மறுமுனையில் சிரிப்பு கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. இங்கே எனக்கும் பற்றிக்கொண்டது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என்ன ஏது என்று தெரியாமல் அப்பா சிரித்தார், வந்தவர்கள் சிரித்தார்கள், கடைசியில் அம்மாவும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இதெல்லாம் அந்தக் காலேஜிலயே சொல்லித் தாராவளா?" என்று கேட்டார் பசுவந்தனைக்காரர். போளியை எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டோம். அவர் மகளுக்குக் கம்ப்யூட்டரே சொன்னேன்.

சில நாட்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். பேசிவிட்டு வைத்தேன். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"என்னட்டி?"

"என்னையக் கேட்டிருக்காவ."

அவள் ஏமாறவில்லை. "பெதிரா, பிரெகுன்தாரா?"

"பெதிர்ம்மா. திங்கக்கிழம வந்து சேரணுமாம்."

அம்மா வாசலுக்கே ஓடினாள். "மதினி, எம்பிள்ளையக் கேட்டுட்டாவ," என்று தெருவைத் தாண்டிக் கத்தினாள்.

எதிர்வீட்டு அத்தை சன்னலில் முகம் காட்டினார்.

"சந்தோசம் மதினி. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"