வெருளிக்குப் போர்த்திய பொன்னாடை

இந்தப் பயணப் பக்கத்தில் நான் எழுதி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எங்கே காணவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில், ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சென்ற வருடம் மாசி மாதம், கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போன இரவு பஸ் பொலன்னறுவைக்குக் கிட்ட மழை வீதியில் சறுக்கி மரத்தில் மோதியது. அதில் நானும் இருந்தேன். என் இடது காலுக்குள் இப்போது ஒரு தகடு இருக்கிறது, கையில் ஊன்றுகோல். இந்த ஜனவரியில் போனது அதற்குப் பிறகான முதல் பயணம். ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு பெண்ணிடம் ஒரு விஷயம் சொல்லப் போனேன். ஆனாலும் காலில் குறையோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் இருப்பீர்கள் என்பதால் செலவையும் தூரத்தையும் வழக்கம்போல எழுதுகிறேன்.

அந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருந்தவர் பெயர் தவராசா. உன்னிச்சைக் குளத்தை அண்டிய வயல்களில் நெல் செய்பவர். முன்பின் தெரியாத ஆளிடம் மனதைத் திறப்பது சிலருக்குச் சுலபம். அவர் கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார், கட்டாரில் லொறி ஓட்டும் வேலை சரிவந்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. வயலில் தனக்கு ஒருநாளும் மனம் ஒட்டியதில்லை என்றார். மட்டக்களப்புப் பக்கம் வீடும் காணியும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். அப்படிச் சேர்ந்த நாள் தொடக்கம் மனைவியின் காணியை அவளுக்காகச் செய்துகொண்டிருக்கிறார். "அவட அப்பா காடு வெட்டி எடுத்த காணி. வேணாமெண்டு எந்த வாயால சொல்லுற? ஆனா நாளைக்கு வீட்ட போய்ச் சொல்லத்தான் வேணும்" என்றார். பிறகு நித்திரையாகிவிட்டார். விடிவதற்குள் இறந்துபோனார்.

அவருடைய மனைவி செல்வராணி என்னைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்தார். புருஷன் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார். நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் தனியாளாக வயலைச் செய்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. புருஷனின் ஆசை என்று நினைத்துத்தான் அந்த மனுஷி சேற்றில் இறங்கியிருக்கிறாள், அந்தப் பிடியை நான் போய்ப் பறிப்பதா?

இந்த ஜனவரி மீண்டும் அழைத்தார். ஆட்டத் திவசம், அதாவது முதலாம் ஆண்டுத் திதி, வருகிறது, அதற்குள் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்றார். அடுத்த போகத்துக்குக் காணியைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். கொடுத்தால் செத்த மனுஷனின் மனம் நோகுமோ என்று அவருக்குப் பயம். "அவர் வயலப் பத்தி ஏதும் கதைச்சவரா, தங்கச்சி?" என்று கேட்டார். நான் ரயிலுக்கு இருக்கை பதிந்தேன்.

பஸ்ஸில் ஏற எனக்கு இனி மனம் வராது, அதனால் ரயில். கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணி வண்டி, இரண்டாம் வகுப்பு முற்பதிவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஏறும் படி உயரம், முழங்கால் மடங்காதவர்கள் யாரையாவது கைகொடுக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் வண்டி போய்விடும். ஒன்பது மணித்தியாலப் பயணம், ஒவ்வொரு மணித்தியாலமும் எழுந்து நின்று காலை நீட்டினேன். பொலன்னறுவை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மூடியும் பயனில்லை.

மட்டக்களப்பில் இறங்கும்போது மழை. நாவற்குடாவில் கீழ்த்தளத்தில் ஒரு அறை எடுத்தேன், இரவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. சுத்தமான இடம். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை, ஈரத்தரையில் வாளியைப் பிடித்துக்கொண்டு குளித்தேன். போனைத் திறந்தால் என் ஒன்றுவிட்ட அண்ணன், சூரியன் உதிக்கும் படத்தோடு தினமும் அனுப்புகிற அன்றைய ஊக்க வாசகத்தை அனுப்பியிருந்தார். துன்பம் நம்மைச் செதுக்குகிறதாம். என்னைச் செதுக்கியது ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், அதற்குத் தழும்பு இருக்கிறது. நீ தப்பினதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று ஒரு வருடமாக எல்லோரும் சொல்கிறார்கள். நான் நடைபாதைப் பக்க இருக்கையில் இருந்தேன், அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டோ. போக, காத்திருக்க, திரும்பிவர எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்குப் பேசினேன். ஒரு வழி முப்பது கிலோமீற்றர் இருக்கும். பஸ்ஸும் இருக்கிறது, விலையும் குறைவு, ஆனால் எண்ணி நாலைந்துதான் ஓடுகின்றன. ஓட்டோக்காரர் ரஜீவன் முப்பது வயதுக்காரர், கலகலப்பான ஆள். வண்டியின் பின்கண்ணாடியில், விழுந்தவர்களை உடனே எழச்சொல்லும் வாசகம் ஒன்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை வாசித்துவிட்டு நான் ஏறப்பார்த்து முடியாமல் நிற்க, அவரே வந்து என் காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

வலையிறவுப் பாலத்தில் வாவியைக் கடந்தோம். மழைக்காலத்தில் வாவிக்கு ஒரு நிறமும் இல்லை, வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தோணி மட்டும் நின்றது. பாலத்துக்கு அப்பால் சூரியன் மறையும் பக்கம் என்பதால் அதைப் படுவான்கரை என்கிறார்கள். வவுணதீவு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்கள். வெள்ளம் வந்து போன அடையாளம் எல்லா இடத்திலும் இருந்தது. சில வயல்களில் பயிருக்குப் பதிலாக மணல் கிடந்தது. வீதியின் குழிகளில் ஓட்டோ விழும்போதெல்லாம் என் காலுக்குள் இருந்த தகடும் தன் இருப்பைச் சொன்னது. ஆயித்தியமலையில் நிறுத்தித் தேநீர் குடித்தோம், நூறு ரூபாய்.

செல்வராணியைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ரஜீவனின் முகம் மலர்ந்தது. அவரை இந்தப் பக்கம் தெரியாத ஆளில்லையாம். புருஷன் செத்த பிறகு தனியாக இரண்டு போகம், இந்த வெள்ளத்தில் விதைத்ததெல்லாம் அள்ளுண்டு போக மறுபடி விதைத்தாராம். ஒரு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் போனில் எனக்குக் காட்டினார். "அந்த அக்கா இரும்பு" என்றார். படத்தில் பொன்னாடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முகம் எனக்கு இரும்பாகத் தெரியவில்லை. களைத்துப்போன முகமாகத் தெரிந்தது.

வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஓட்டோ போகாது. கடைசி இருநூறு மீற்றர் வரம்பில் நடக்கவேண்டும். சேறு, ஊன்றுகோல் ஒவ்வொரு அடிக்கும் புதைந்தது. ரஜீவன் என் கையைப் பிடித்து வந்தார். வயலின் நடுவில் ஒரு வெருளி நின்றது. கிளிகளை விரட்ட வைக்கோலால் செய்து நட்ட உருவம், தலைக்கு ஒரு சட்டி. அதன் தோளில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை. சற்று முன் போனில் பார்த்த அதே பொன்னாடை. ரஜீவனும் பார்த்தார். என்னை வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஓட்டோவுக்குத் திரும்பிப் போனார்.

செல்வராணிக்கு நாற்பது தாண்டியிருக்கும். மெலிந்த உருவம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. மகள் நகரத்தில் சித்தி வீட்டில் நின்று படிக்கிறாள், வீட்டில் அவர் மட்டும்தான். பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்து வைத்தார், நான் காலை நீட்ட இன்னொரு கதிரையும் இழுத்துப் போட்டார். வழியில் கஷ்டமா, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு முன்னால் வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார்.

வரும் வழியெல்லாம் நான் ஒரு நல்ல பொய்யை யோசித்துக்கொண்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் வயலைப் பற்றி ஆசையாகப் பேசினார், நீங்கள் நன்றாகச் செய்வீர்கள் என்றார் என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டு இந்த மனுஷி இன்னும் பத்து வருடம் சேற்றில் நிற்பார், ஊர் இன்னும் இரண்டு பொன்னாடை போர்த்தும். அந்த முகத்தை நேரே பார்த்தபோது என்னால் முடியவில்லை. கட்டார், லொறி, சீதனக் காணி, நாளைக்குச் சொல்லவேண்டும் என்றது எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அவருக்கு விருப்பமில்லயா?" என்றார் கடைசியில். "எனக்கும் விருப்பமில்ல, தங்கச்சி. எனக்குத் தையல் தெரியும். கலியாணம் முடிச்ச உடன காணியக் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு டவுணுக்குப் போவமெண்டுதான் நினைச்சன். இவர் வந்த மறுநாளே ஒண்டும் கதைக்காம மம்பெட்டியத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். ஆசையாக்கும் எண்டு நானும் வாய மூடிட்டு இரிந்திட்டன்."

அவள் மனம் நோகும் என்று அவரும், அவர் மனம் நோகும் என்று அவளும், யாருக்கும் வேண்டாத வயலை இத்தனை வருடம் விதைத்து அறுத்திருக்கிறார்கள். போதாததற்கு இந்த ஒரு வருடம் செல்வராணி செத்தவருக்காகவும் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"இத நீங்க அண்டைக்கே சொல்லியிருந்தா இந்த ரெண்டு போகமும் நான் படாமல் இரிந்திருப்பன்" என்றார். குரலில் கோபம் இருந்தது. உங்கள் தைரியத்தைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தேவையானதுதான்.

மழை கூடியது. அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வரம்பில் தண்ணீர் வடிய வெட்டிவிடும் வாயை அங்கே வக்கடை என்பார்கள், அதைத் திறக்காவிட்டால் கதிர் தள்ளும் பயிர் மூழ்கிவிடும். இவ்வளவும் கேட்ட பிறகும் வேலையை வேலை நேரத்தில் செய்துதானே ஆகவேண்டும். நானும் சும்மா இருந்திருக்கலாம். அவரைத் தனியே விடக்கூடாது என்று பின்னால் போய், பத்தடி தாண்டவில்லை, ஊன்றுகோல் வழுக்கிச் சேற்றில் முழுசாக விழுந்தேன்.

எழ முடியவில்லை. வாசகத்தை ஒட்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. செல்வராணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். முதல் தடவை இருவருமாகச் சரிந்தோம். இரண்டாம் தடவை எழுந்தேன். எனக்கு நடுக்கம் பிடித்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வயலுக்குள் இறங்கி வெருளியின் தோளிலிருந்த பொன்னாடையை உருவி வந்து, பிழிந்து, என் தலையைத் துடைத்துத் தோளில் போர்த்தினார்.

"இதுக்காவது உதவட்டும்" என்றார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை.

உள்ளே வந்து சுடச்சுடத் தேநீர் குடிக்கும்போது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். இந்தப் பயிரை அறுத்ததும் காணியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். வெள்ளத்துக்கே கலங்காதவள் இப்போது பயந்துவிட்டாள் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும் என்றார். பிறகு என்ன செய்வீர்கள், தையலா என்று கேட்டேன்.

"மறுகா நித்திர கொள்ளுவன்" என்றார். "யானை வருமெண்டு ஒரு வருசமா காதத் துறந்து வெச்சிட்டுத்தான் படுக்கிறன். எல்லாரும் என்ன இரும்பு எண்டுறாங்க. இரும்புக்கு நித்திர தேவல்ல. எனக்குத் தேவ."

பகல் இரண்டு மணிக்குத் திரும்பினேன். பொன்னாடையைத் திருப்பித் தர அவர் விடவில்லை. அதைப் போர்த்தியபடி ஓட்டோவில் ஏறியதைப் பார்த்த ரஜீவன், எனக்கு எதற்குப் போர்த்தினார்கள் என்று கேட்டார். விழுந்ததற்கு என்றேன். அவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். பாலம் வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழி, தை மாதங்களில் படுவான்கரை வீதிகளை மழை அறுத்துவிடும், போகுமுன் விசாரியுங்கள். யானை நடமாட்டம் உண்டு, மாலை ஐந்துக்குமுன் திரும்பிவிடுங்கள். ஊன்றுகோல் உள்ளவர்கள் அடியில் அகலமான றப்பர் போடுங்கள், மாற்றுடை கட்டாயம். இரண்டு நாள் தங்கி எனக்கு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

துன்பப்பட்டவர்களைப் பார்க்கப் போவதானால் ஊக்கத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் போற்றுகிற மனஉறுதி பல நேரம் வேறு வழி தெரியாததுதான். என் கதையும் அப்படித்தான், நான் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. தப்பியதற்குக் காரணம் தேடுவதை மட்டும் விட்டிருக்கிறேன். அதுவே கொஞ்சம் பாரம் குறைந்ததுபோல் இருக்கிறது. அண்ணனின் சூரியன்களையும் போனில் நிறுத்திவிட்டேன்.

பங்குனியில் செல்வராணி அழைத்தார். அறுத்து முடிந்தது, காணியைக் கொடுத்தாயிற்று. அன்று இரவு படுத்தவர் மறுநாள் பத்து மணிவரை எழும்பவில்லையாம். கதவு திறக்கவில்லை என்று அயலவர்கள் கூடி, தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் கதவை உடைக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"துறந்தா மூணு பேர் அழுதிட்டு நிக்காங்க" என்றார். "நித்திர கொண்டனான் எண்டு சொல்லுறன், ஒருத்தரும் நம்புறாங்க இல்ல."