ரோஸ்மேரி திருப்பாத பக்கம்

சாத்தான்குளத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம் ரோஸ்மேரியுடையது. வாரநாளில் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிப்பவள். நாற்பது வயதுக்கு மேல் பியானோ வகுப்பில் சேர்ந்தாள். இசைத்தாளின் தலைப்பில் 'அந்தாந்தே' என்று போட்டிருக்கும். இத்தாலிய மொழியில் நடக்கிற வேகம் என்று பொருள். ரோஸ்மேரி முதலிலிருந்து கடைசிவரை இம்மி பிசகாமல் அதே வேகத்தில் நடப்பாள்.

அந்த வகுப்புக்கு மங்கலத்திலிருந்து சத்யப்பிரியா வந்தாள். தறிக் குடும்பத்துப் பெண், சின்ன வயது. ஒரு சுரத்தில் ஆசையாகத் தங்குவாள், அடுத்ததில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வாள். பியானோ மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"இதுக்குப் பேரு ருபாத்தோ. திருடினதுன்னு அர்த்தம். ஒரு எடத்துல நேரத்தைத் திருடி இன்னொரு எடத்துல குடுக்கறது," என்றார்.

ரோஸ்மேரிக்கு வயிறு எரிந்தது. தான் எப்போதாவது கொஞ்சம் தாமதித்தால் தப்பென்று பென்சிலால் சுழிக்கிறவர், இவள் தாமதித்தால் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்.

கோவையில் மாணவர் கச்சேரி வைத்தார்கள். கச்சேரியை நிறைவு செய்யும் இடம் சத்யப்பிரியாவுக்குக் கிடைத்தது.

"அக்கா, எனக்குப் பக்கம் திருப்பி உடறீங்களா? நீங்க பக்கத்துல இருந்தாத் தைரியமா இருக்குமுங்க."

"சரி பிள்ள," என்றாள் ரோஸ்மேரி.

மேடையில், பக்கம் முடியும் இடத்தில் சத்யப்பிரியா தலையசைத்தாள். தாளின் முனையைப் பிடித்திருந்த ரோஸ்மேரி திருப்பவில்லை. பியானோவில் சத்யப்பிரியாவின் விரல்கள் அப்படியே அழுந்தி நின்றன. ஒலி மெல்லத் தேய்ந்தது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. சத்யப்பிரியா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து ரோஸ்மேரி சட்டென்று திருப்பினாள். அடுத்த வரி, மூச்சு விடுவதுபோல் அவ்வளவு மெதுவாக வந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த நிறுத்தம் யாரு சொல்லிக் குடுத்தது?" கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் பூரித்துப்போய்க் கேட்டார்.

"யாருமில்லீங்க சார். அக்கா பக்கத்தத் திருப்புலீங்க. அப்புடியே இருந்துட்டனுங்க."

மாஸ்டர் சிரித்தார். சத்யப்பிரியா சிரிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாள்: "வேணும்னேதான் பண்ணுனீங்களாக்கா?"

"ஆமா."

"ஏனுங்க?"

"நீ நின்னா அழகா இருக்கு. நா நின்னா தப்பா இருக்கு. எனக்குத் தாங்கல பிள்ள."

சத்யப்பிரியா எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு, சபையில் பாட்டுக்கு நடுவே ரோஸ்மேரி ஒரு சுரத்தில் வேண்டுமென்றே தங்கிப் பார்த்தாள். பாடிக்கொண்டிருந்த சனங்கள் அவளுக்காக நிற்கவில்லை. பாட்டு அவளை விட்டுவிட்டு முன்னே போனது. விழுந்தடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அடுத்த வகுப்பில் சத்யப்பிரியா வணக்கம் சொன்னாள். பக்கம் திருப்ப மட்டும் கவிப்பிரியா என்ற புதுப்பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். தலையசைத்ததும் அந்தப் பெண் அழகாகத் திருப்பினாள். பக்கம் திருப்புகிற அந்தப் பெண்ணைப் பார்த்தும் ரோஸ்மேரிக்குப் பொறாமையாக இருந்தது.