இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் ஒரு பாட்டு நிகழ்ச்சி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். இடம், இத்தாலியின் பலெர்மோவில் அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் சமைக்கிற குசினி. குசினி என்று சொன்னாலும், சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் அதுதான் எங்கள் இணைய வானொலியின் கலையகம். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழும் என்பதால் அதன் வயரைக் கழற்றிவிட்டுத்தான் நிகழ்ச்சியைத் தொடங்குவேன். வயரைத் திரும்பக் கொழுவ மறந்து பால் திரைந்த நாட்களும் உண்டு.

கிழமை முழுவதும் மற்றவர்களின் வீட்டைத் துடைக்கிற எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் சொந்தம். நேயர்கள் அழைப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். நானும் பாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுவேன். யாருக்கும் தொந்தரவில்லாத அந்த நிகழ்ச்சிக்குள்தான் கொண்டுவந்து உதைபந்தாட்டத்தைப் புகுத்தினார்கள்.

எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வருடம் ஒருமுறை இங்கே உதைபந்தாட்டப் போட்டி நடத்துகிறார்கள். கல்லூரி என்றால் எங்களுக்குப் பள்ளிக்கூடம்தான். படித்து முடித்து எத்தனையோ காலமாகிவிட்டது, தலைமுடி கொட்டிவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் கல்லூரிச் சட்டையைப் போட்டதும் ஆட்கள் ஆட்களாக இருப்பதில்லை. அந்த வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தவை ஒரு பச்சைச் சட்டைக் கல்லூரியும் ஒரு வெள்ளைச் சட்டைக் கல்லூரியும். பெயரைச் சொன்னால் மறுபடியும் தொலைபேசி அடிக்கும், அதனால் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பச்சைக்குக் கிண்ணம் பழகிப்போன சாமான். வெள்ளை அதுவரை ஒருமுறைகூட இறுதிப் போட்டிக்கு வந்ததில்லை.

அன்று காலை வானொலிப் பொறுப்பாளர் தொலைபேசி எடுத்து, "அக்கா, நாளைக்கு ஃபைனல். இண்டைக்கு உங்கடை நிகழ்ச்சியிலை ஒரு முன்னோட்டம் குடுங்கோ" என்றார்.

"எனக்குப் பந்தைப் பற்றித் தெரிஞ்சது, அது உருண்டை எண்டது மட்டும்தான்."

"பாட்டோடை சேத்துச் சொல்லுங்கோ. சனம் கேக்கும்."

கணவரிடம் உதவி கேட்கலாம் என்று பார்த்தேன். அவருடைய கல்லூரி அரையிறுதியில் தோற்றிருந்தது. "என்னட்டைக் கேக்காதை, ஆர் வெண்டா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். பாட்டை ஓட விடுவது அவர் வேலை. அதையாவது செய்தாரே.

எனக்குத் தெரிந்தது பாட்டுத்தான். அதனால் தெரிந்ததை வைத்து ஆரம்பித்தேன். பச்சை அணி குத்துப்பாட்டு மாதிரி என்றேன். தொடங்கும்போதே மேளமும் விசிலும், மூச்சுவிட இடமில்லை. இடையில் என்ன வரி பாடினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் முடியும்போது சபை எழும்பி நிற்கும். வெள்ளை அணி பழைய மெலடி. முன்னிசையே நீண்டுகொண்டு போகும், பாடகர் வருவாரா மாட்டாரா என்று காத்திருந்து அலுத்துப்போன நேரத்தில் ஒரு வரி வந்து நெஞ்சைப் பிடிக்கும். அந்த மெலடியைத் தாங்குகிற தபேலா, வெள்ளை அணியின் கோல் கீப்பர். தபேலா வாசிக்கும்போது ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை, நின்றால்தான் பாட்டு விழுந்தது தெரியும் என்றும் சொன்னேன். கடைசிப் பகுதி கணவர் முணுமுணுத்ததிலிருந்து எடுத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் கிடந்த ஒரு கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். இப்போது வெற்றிப் பாட்டு என்று வருகிறவை எல்லாம் கதாநாயகன் தன்னைத்தானே புகழ்கிற பாட்டுகள். பதினொரு பேர் ஓடி விளையாடுகிற விளையாட்டுக்கு, ஒற்றை ஆள் நெஞ்சைத் தட்டிக்கொள்கிற பாட்டை எப்படிப் போடுவது? அடுத்த அறையிலிருந்து மகள், கோடைக்குக் கோடை கடற்கரையெல்லாம் அலறுகிற இத்தாலியப் பாட்டு ஒன்றைப் போடச் சொன்னாள். அது உதைபந்துக்கும் பொருந்தாது, எதற்கும் பொருந்தாது, ஆனால் இரண்டு கல்லூரிக்காரரும் கோபிக்க முடியாத ஒரே பாட்டு அதுதான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

யாரென்று பார்க்கத் தேவையில்லை. சனிக்கிழமைகளில் முதல் அழைப்பு எப்போதும் அவருடையதுதான். பச்சைக் கல்லூரியின் பழைய மாணவர், ஐம்பது தாண்டியவர், கட்டடங்களின் படிகள் கழுவுகிறவர். ஒருநாளும் பாட்டுக் கேட்டதில்லை. முறைப்பாடு மட்டும்தான். சத்தம் கூடிவிட்டது, சத்தம் குறைந்துவிட்டது, பாட்டைப் பாதியில் வெட்டினீர்கள், நீங்கள் சொன்ன இசையமைப்பாளர் அவர் இல்லை.

"என்ன தங்கச்சி, எங்களைப் போய்க் குத்துப்பாட்டு எண்டிட்டியள்? எங்கடை பாஸிங்கைப் பாத்திருக்கிறியளோ?"

"பாராட்டித்தான் சொன்னனான் அண்ணை."

"வெள்ளைக்கு மட்டும் மெலடி. அதோடை முதல் பாட்டும் அவங்களுக்குத்தானே போட்டனியள்?"

முதல் பாட்டு ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போட்டது. அதைச் சொன்னேன். பிள்ளையின் தகப்பன் எந்தக் கல்லூரி என்று கேட்டார். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது என்று இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, சமாதானத்துக்குப் பச்சைக்கு ஒரு பாட்டுப் போட்டேன். உடனே வெள்ளைக் கல்லூரிக்காரர் ஒருவர் எடுத்து, பச்சையின் பாட்டு நீளம் கூட என்றார். இதற்கு நான் இன்னும் இரண்டு வீடு துடைத்திருக்கலாம்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் வெள்ளை அணியின் கீப்பர் எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. விளையாட்டு வீரரே வந்துவிட்டார், இனி அவர் கதைக்கட்டும் என்று நேரே ஒலிபரப்பில் விட்டேன்.

"தம்பி, நாளைக்கு ஆயத்தம் எப்பிடி?"

"அக்கா, நான் நாளைக்கு வரேல்லை. எங்கடை கப்டன் போன் எடுக்கிறார் இல்லை. உங்கடை நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார் எண்டுதான் எடுத்தனான்."

அவர் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கிற வயோதிபர் ஒருவரைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருப்பவர். ஞாயிறு மட்டும்தான் வெளியே வரலாம், அதுவும் மாற்றாள் வந்தால்தான். ஞாயிறுகளில் வருகிற பெண் அன்று காலை படியில் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாராம். தம்பி நொன்னோ, அதாவது தாத்தா, என்று கூப்பிடுகிற அந்த வயோதிபரின் மகள் மிலானோவில். தம்பி தனக்குத் தெரிந்த தமிழர் எல்லாரையும் கேட்டுப் பார்த்தாராம். பாதிப்பேர் தங்கள் தங்கள் கிழவர்களோடு, மீதிப்பேர் மைதானத்துக்குப் போகிறவர்கள்.

"நொன்னோவைத் தனிய விடேலாது அக்கா. அவருக்குத் தண்ணி குடிக்கிறதுக்கும் ஆள் வேணும்" என்றார். குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. "பரவாயில்லை. எனக்கு ஒரு பாட்டுப் போடுங்கோ."

"என்ன பாட்டுத் தம்பி?"

"எதெண்டாலும்."

இத்தனை வருடத்தில் என்னிடம் எதென்றாலும் போடுங்கள் என்று கேட்ட ஒரே நேயர் அவர்தான். முதல்முறை இறுதிப் போட்டிக்கு வந்த கல்லூரி, அதை அதுவரை கொண்டுவந்தவர் அவர். கணவர்கூடத் தானாகவே ஒரு நல்ல பாட்டைத் தேடிப் போட்டார்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் தொலைபேசி. பச்சைக்காரர். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஒரு மனிதன் அழாக்குறையாகக் கதைத்துவிட்டுப் போய் இரண்டு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் கொண்டாட வந்துவிட்டார். ஒலிபரப்பில் விடாமல் எடுத்தேன்.

"தங்கச்சி, அந்தக் கீப்பரின்ரை நம்பரைத் தாங்கோ."

"ஏன், உங்கடை சந்தோசத்தை அவருக்கும் சொல்லவோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நாளைக்கு நான் போய் அந்தக் கிழவரோடை இருக்கிறன். அவனைப் போய் விளையாடச் சொல்லுங்கோ."

நான் சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். "அண்ணை, நீங்கள் பச்சையெல்லோ?"

"பச்சை எண்டபடியால்தானே கேக்கிறன்! கீப்பர் இல்லாத கோலுக்கை அடிச்சு வெண்டால் அவங்கள் சும்மா இருப்பாங்களோ? கீப்பர் வரேல்லை, கீப்பர் வரேல்லை எண்டு அடுத்த வருசம் வரைக்கும் சொல்லுவாங்கள். எனக்கு உந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. அவன் வந்து நிண்டு தோக்கோணும்."

"உங்களுக்கு அந்த வேலை தெரியுமோ?"

"படி கழுவ முதல் கனகாலம் நானும் உந்த வேலைதான். புரட்டிப் படுக்க வைக்கிறது, பருக்கிறது எல்லாம் தெரியும். கேள்வியைக் குறைச்சு நம்பரைத் தாங்கோ."

கேட்காமல் நம்பரைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, கீப்பரை அழைத்தேன். யாரோ பகிடி விடுகிறார்கள் என்று அவர் முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு பேரும் கதைத்து, மிலானோவிலிருந்த மகளோடும் அண்ணை கதைத்து, அந்த அம்மா சம்மதித்து, நிகழ்ச்சி முடியமுன் எல்லாம் சரிவந்தது. உடனே எனக்கு இன்னொரு அழைப்பு. அவர்தான்.

"கீப்பர் வாறான் எண்டு ரேடியோவிலை சொல்லுங்கோ. எப்பிடி வாறான் எண்டு மூச்சு விடாதேங்கோ, எங்கடை பெடியள் என்னைக் கொண்டுபோடுவாங்கள். அந்தக் குத்துப்பாட்டுக் கதையையும் திருத்திச் சொல்லிவிடுங்கோ."

அடுத்தநாள் ஆட்டம் சியாகுல்லி போகிற வழியில் ஒரு வாடகை மைதானத்தில். வலைக்கு அந்தப்பக்கம் சின்னத் தோடம்பழத் தோட்டம். மரத்தில் இன்னும் ஆரஞ்சுக் காய் கிடந்தது. பந்து வலையைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும் தோட்டக்காரர் சிசிலிய மொழியில் எங்கள் எல்லாருடைய தாய் தகப்பனையும் விசாரித்தார். நேரலையில் சொல்லச் சொல்லி என்னையும் அனுப்பியிருந்தார்கள். ஒரு கையில் ஒலிவாங்கி. மறுகையில் கைபேசி, அதில் பச்சை அண்ணை. நேரலை கொஞ்சம் பிந்தி வருகிறதாம், அவருக்குப் பொறுமை இல்லையாம்.

"பந்து அங்காலை போகுது எண்டால் எந்தப் பக்கம் தங்கச்சி? இடமோ வலமோ?"

"ஒரு பச்சை வைச்சிருக்கிறார் அண்ணை."

"எங்களிலை பதினொரு பச்சை நிக்குது! நம்பரைப் பாருங்கோ!"

நடுநடுவே அவர் இத்தாலியனில் கிழவரைக் கொஞ்சிக் கொஞ்சி ஏதோ பருக்குவது கேட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த அண்ணையின் குரலே இல்லை. "கிழவரும் கேக்கிறார், ஆர் வெல்லுறது எண்டு" என்றார் ஒருமுறை. வெள்ளை ஒரு கோல் அடித்தபோது அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான்தான் அடித்தேன் என்பதுபோல என்னில் பாய்ந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பச்சைக்கு பெனால்டி என்கிற தண்ட உதை ஒன்று கிடைத்தது. மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. கைபேசியில் அண்ணை கதிரையைத் தள்ளி எழும்புவது கேட்டது. பச்சை வீரர் ஒருவர் ஓடிவந்து அடித்தார். வெள்ளைப் பக்கம் வானம் இடிந்த மாதிரிச் சத்தம்.

"என்ன? என்ன நடந்தது? தங்கச்சி!"

"பிடிச்சிட்டான் அண்ணை."

கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் அடிச்சவன்?"

"எனக்கு நேரே பாத்தால்... கீப்பருக்கு இடப்பக்கம்."

"அவன் இடப்பக்கம்தான் பாய்வான் எண்டு போன கிழமையே படிச்சுப் படிச்சுச் சொன்னனான்! அறுவான்கள்!" நான் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். திட்டி முடிந்ததும் கேட்டார். "கையிலை வந்து விழுந்ததோ, பாஞ்சு பிடிச்சவனோ?"

"பாஞ்சுதான் அண்ணை."

"ம். அப்ப சரி."

அதற்குள் ஆட்டமும் முடிந்துவிட்டது, அந்த ஒரே கோலில் வெள்ளை வென்றுவிட்டது. கீப்பர் சட்டைகூட மாற்றாமல், சப்பாத்தோடு வெளிவாசலை நோக்கி ஓடுவதைக் கண்டேன். கிண்ணம் இன்னும் கொடுக்கவில்லை. அவருடைய ஆட்கள் பின்னால் நின்று கூப்பிடுகிறார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நொன்னோட்டைப் போகோணும் அக்கா, அண்ணை காத்துக்கொண்டிருப்பார்" என்றார் என்னைக் கடக்கும்போது. கைபேசியில் இருந்தவருக்கு அது கேட்டிருக்கிறது.

"உவனை நிப்பாட்டுங்கோ" என்றார். "ஆறுதலாக் கப்பைத் தூக்கி, படமும் எடுத்திட்டு வரட்டும். கிழவர் நித்திரை. எனக்கு இண்டைக்கு வேறை என்ன வேலை?"

அதைச் சொன்னதும் கீப்பர் வாசலிலேயே குந்தி இருந்து இரண்டு கையுறையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வென்ற சந்தோசத்தில் அழுகிறார் என்று அவருடைய ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். படத்தில் கிண்ணத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கண் சிவந்திருக்கிறது.

இதை எழுதலாமா என்று அண்மையில் அண்ணையிடம் கேட்டேன். பேரைப் போடாதேங்கோ, குத்துப்பாட்டுக் கதையையும் போடாதேங்கோ என்றார். முதலாவதைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அவருடைய எண் திரையில் விழுந்தால் எனக்கு இப்போதும் முதலில் எரிச்சல்தான் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு யாரோடாவது போட்டி வரும்போதெல்லாம், அந்த ஆளும் குறையில்லாமல் வந்து எனக்கு எதிரில் நிற்கட்டும் என்று என்னால் நினைக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் முடிவதில்லை, அன்று கைபேசியில் கேட்ட அந்த மனிதர் எவ்வளவு பெரியவர் என்று எனக்குப் புரிவது அப்போதுதான்.