முதல் சந்தேகம் மெஷின் மேல்

ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்துவிட்டார் என்று அம்மாவுக்கு போன் வந்தபோது, நான் அவருக்காக டி.வி.க்கு முன்னால் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் கழற்றும் ஸ்க்ரூக்கள் உருண்டு ஓடிவிடாமல் இருக்கத்தான் அந்தத் துணி. "சர்ச்சுக்குக் கெளம்பும்போது நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம்" என்றார் அம்மா. நான் நம்பவில்லை. போன் செய்தது யார், அவர் நேரில் பார்த்தாரா, வேறு யாராவது ஸ்டெல்லாவாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா குனிந்து துணியை மடித்தார். அப்போதுதான் நம்பினேன்.

ஷூ கம்பெனியின் தையல் பிரிவு அக்காக்கள் இந்த இரங்கல் கூட்டத்துக்காக என்னை எழுதி வாசிக்கச் சொன்னார்கள். உங்களுக்கு அவர் கம்பெனியின் ஒரே பெண் மெக்கானிக். அவரைப் பற்றி நீங்கள் சொல்லப்போவது எல்லாம் நல்லதாகத்தான் இருக்கும். நான் அவரை ஒரு மாதத்துக்கு மேல் சந்தேகப்பட்டவள். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா கம்பெனி பஸ் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது உங்களுக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகும் கை திரும்பவில்லை. தினமும் கையை வீசி, பந்தை அமுக்கிப் பழகச் சொல்லி வேலூர் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அம்மாவுக்குச் சலித்துவிட்டது. பெரியப்பா மகன் பெங்களூருக்குப் போகும்போது பரண் மேல் விட்டுப்போன பழைய வீடியோ கேம் பெட்டியை அப்போதுதான் இறக்கினேன். ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் டி.வி.யில் பந்து உருண்டு போய்ப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும்.

அம்மா வீசிய பந்து ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சரிந்து ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. உடனே அம்மா தன் கையைப் பார்ப்பார். "தையலும் இப்படித்தான் கோணிக்கினு போவும்" என்பார். தையல் நேராக வராவிட்டால் பேக்கிங்கில் ஹெல்பராகப் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். பதினோரு வருடம் ஷூவின் மேல்தோல் தைத்தவர் அம்மா.

கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த ஸ்டெல்லா ஆன்ட்டி கையைப் பார்க்கவே இல்லை. மூன்று பந்துகள் போகும்வரை டி.வி.யையே பார்த்தார். பிறகு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, நீ ஒண்ணு உருட்டு."

"எனக்கு ஆடத் தெரியாது ஆன்ட்டி."

"தெரியாதவதான் வேணும். வா."

என் பந்தும் இடப்பக்கமே போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

"இன்னாடி, உன் கையும் ஒடிஞ்சிச்சா?"

அம்மா சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அத்தனை நாளில் நான் ஒரு பந்துகூட வீசிப் பார்க்கவில்லை. அம்மாவின் கைதான் சரியில்லை என்று அம்மாவைப் போலவே நானும் நம்பியிருந்தேன்.

அந்த ரிமோட்டின் ஸ்க்ரூத் தலையில் மூன்று மூலைப் பள்ளம் இருந்தது. எந்த ஸ்க்ரூடிரைவரும் சேராது. அடுத்த ஞாயிறு ஆன்ட்டி ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை அரத்தில் ராவி அந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். உள்ளே பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. எப்போதோ கீழே விழுந்ததில் உள்ளிருந்த சின்ன போர்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். போர்டை நிமிர்த்தினார். பெட்டியின் காற்றாடியிலிருந்து புது பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். "நம்ம ஊருல தூசி ஜாஸ்தி. மூடி வெக்காம உட்டா மூச்சு அடைச்சிடும் இதுக்கு" என்றார். அம்மாவின் பந்து ஓரளவு நேராக ஓடியது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட்டேன். கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, ஆள் போதவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். அப்படியிருக்க, கம்பெனியிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் ஏன் வருகிறார்? அம்மா வீசுவதைப் பார்த்து ஒரு குட்டி நோட்டில் என்ன எழுதுகிறார்? பெட்டியை மூடி வைக்கும்போது ஒரு வெள்ளைப் பொட்டலத்தை ஏன் உள்ளே நழுவவிடுகிறார்? எல்லாவற்றையும் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். நான் கண்டுபிடித்த விடை இதுதான்: அம்மாவின் கை குணமாகிவிட்டது போலத் தெரியும்படி ரிமோட்டைத் திருத்துகிறார். அதை நம்பி அம்மா சீக்கிரம் வேலைக்குப் போவார், அங்கே தையல் கோணும், பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள்.

எனவே ஒரு சனிக்கிழமை ரிமோட்டின் நான்கு ஸ்க்ரூக்களின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தேன். திறந்தால் பொட்டு உடையும். மறுநாள் நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் நான்கும் உடைந்திருந்தன.

"ஏன் ஆன்ட்டி தொறந்தீங்க?"

"ஏய், இன்னா கேள்வி அது?" என்று அம்மா அதட்டினார்.

ஆன்ட்டி ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நீ வெச்ச சீலா? நான் இன்னாவோ சாயம் ஒட்டிக்கிச்சின்னு நெனச்சேன். ஸ்பிரிங்குல திரும்பக் களிம்பு வந்திச்சான்னு பாத்தேன், அவ்ளோதான்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கெட்டிக்காரிதான். ஆனா எடுத்ததும் ஆளைச் சந்தேகப்பட்டுட்ட. மொதல்ல மெஷினு. மெஷின் சுத்தம்னு தெரிஞ்சப்புறம்தான் ஆளு."

அந்த வெள்ளைப் பொட்டலத்தை என் கையில் போட்டார். ஷூ டப்பாவில் ஈரம் இழுக்க வைப்பார்களே, அதேதான். பிறகு நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் முதலில் அவர் ஐந்து பந்து வீசியிருந்தார். அதன் தலைப்பில் 'மெஷின்' என்று எழுதியிருந்தது. அடுத்தது அம்மாவின் ஐந்து. அதன் தலைப்பு 'கை'. 'மெஷின்' பக்கம் எல்லாம் நேர். 'கை' பக்கம் இன்னும் இரண்டு மூன்று பந்து இடப்பக்கம் சரிந்திருந்தது.

"ஜெயந்தி, மெஷின் சுத்தம்" என்றார் அம்மாவிடம். "மீதி உன் கைதான். மூணு வாரத்துக்கு வேலைக்கு வராத."

"ஆர்டர் அவசரம்ன்றாங்களேக்கா?"

"அவசரம் அவங்களுக்கு. யாராவது பேஜார் பண்ணா நான் பேசிக்கிறேன். கோணத் தையலோட வந்து உக்காந்தின்னா நானே எழுப்பி உட்டுடுவேன்."

அவர் அம்மாவை அழைத்துப்போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வராதே என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்று இரவு இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

கம்பெனியிலும் அவர் அப்படித்தான் என்று அம்மா பிறகு சொன்னார். தையல் விட்டுப்போனால் சூப்பர்வைசர் தைத்த பெண்ணைத் திட்டுவாராம். ஆன்ட்டி குறுக்கே வந்து ஊசியைக் கழற்றி, அதன் முனையைத் தன் நகத்தில் இழுத்துப் பார்ப்பாராம். முனையில் பிசிறு இருந்து கீறல் விழுந்தால், "ஊசியைத் திட்டு சார்" என்பாராம். விழாவிட்டால் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இப்ப உன் தப்பு. ஒத்துக்க" என்பாராம். அவர் யாருக்கும் பரிந்து பேசியதில்லை, சோதித்துப் பார்க்காமல் யாரையும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

சரியாக மூன்று வாரம் கழித்து அம்மா தன் பழைய மெஷினில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் ஆன்ட்டி ஞாயிறு தவறாமல் வந்தார், அம்மாவோடு பந்து உருட்ட. கடைசியாக ரிமோட்டை மூடியபோது என்னிடம் நெயில் பாலிஷ் கேட்டு வாங்கி, நான்கு ஸ்க்ரூக்களின் மேலும் அவரே பொட்டு வைத்தார். "சீல் இல்லாட்டி டீச்சரம்மாவுக்குத் தூக்கம் வராதே." ராவிய ஸ்க்ரூடிரைவரைப் பொட்டலங்களோடு பெட்டியில் போட்டார். "இது வேற எதுக்கும் ஒதவாது. இங்கயே கெடக்கட்டும்."

அவரிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைப்பதற்குள் அந்த போன் வந்துவிட்டது.

நேற்று மாலை அம்மா வீசிய பந்து மறுபடி இடப்பக்கம் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. அம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய், "இங்க குடும்மா" என்று ரிமோட்டை வாங்கி வீசினேன். ஸ்டெல்லா ஆன்ட்டியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒன்றுதான். யாரையும் சந்தேகப்படும் முன் அந்த முதல் பந்தை நானே வீசிப் பார்க்கிறேன்.

என் பந்தும் பள்ளத்தில்தான் விழுந்தது. நான் துணியை விரித்து, அவர் ராவிய ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, ரிமோட்டில் அவர் வைத்த சிவப்புப் பொட்டுகளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன்.