காருக்கு அடைத்த வேலி

எங்கள் காரை யாரும் களவெடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் தீவுப் பகுதியில் வாகனம் வைத்திருந்த எல்லோரிடமும் பறிகொடுத்த கதை ஒன்று இருக்கும். எங்களிடம் இல்லை. எங்கள் கார் கடைசி வரைக்கும் பத்திரமாக இருந்தது. அந்தப் பத்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிவப்புக் கார். இரண்டே கதவு. அப்பா மலைநாட்டில் கடை வைத்திருந்த காலத்தில், அதை ஒரு தோட்டத்துத் துரை மோட்டார்ப் பந்தயத்துக்கென்று வைத்திருந்தார். எஞ்சினைக் கழற்றி என்னவோ செய்து வேகம் ஏற்றியிருந்தாராம். சாவியைத் திருப்பினால் அது இரைகிற இரைச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பிவிடும். துரை வெளிநாடு போகும்போது அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கடையை எரித்தார்கள். கடையோடு வீடும், கதிரை மேசையும், என் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழும் போயின. கார் மட்டும் பிரேக் பார்க்க ஒரு கராச்சில் நின்றதால் தப்பியது. நாங்கள் அகதியாகக் கப்பலில் வந்து இறங்கி, சரவணையில் அப்பாவின் பங்குக் காணியில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தோம். சில மாதம் கழித்து அந்தக் கராச்சுக்காரர் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து ஒப்படைத்தார். கடை எரிந்ததற்கு அழாத அப்பா அன்றைக்கு அழுதார்.

ஆனால் காரை எங்கே விடுவது? காணியைப் பிரித்தபோது ரோட்டுப் பக்கத்துப் பாதி அப்பாவின் தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு விழுந்தது. உள்பாதி எங்களுக்கு. எங்கள் வீட்டுக்கு வர, ரோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுதான் உண்டு. அதில் சைக்கிள் வரும், கைவண்டி வரும், கார் வராது. ஆகவே கார், ஒழுங்கை ரோட்டைத் தொடுகிற இடத்தில், ரோட்டோரப் பூவரச மரத்தின் கீழே, வெட்டவெளியில் நின்றது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வவுனியாவில் உத்தியோகம் பார்க்கும் ஒருவரைப் பேசினார்கள். என்னைப் பார்க்க வந்தவர் முதலில் பூவரசடியில் நின்றுவிட்டார். பொனெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கும்போது முகமெல்லாம் பல். பிறகுதான் வீட்டுக்குள் வந்து என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். நான் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்று கேட்டிருந்தால் மனிதர் திருதிருவென்று முழித்திருப்பார். போகும்போது அவருடைய தகப்பனார் செருப்பை மாட்டிக்கொண்டே, "காரும் சேர்த்துத்தானே?" என்றார். அப்பா ஒழுங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம், காரும்தான்" என்றார்.

உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. எனக்கு அந்தத் தீவை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. சான்றிதழ் எரிந்த ஆசிரியைக்கு அங்கே யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்? விடிந்தால் கிணற்றடி, பொழுதுபட்டால் குசினி அடுப்பு, எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கடல். அவர் காரைக் கட்டிக்கொண்டு போகட்டும், பின் சீற்றில் எனக்கு ஒரு இடம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். கார் நின்றால் கலியாணம். கார் போனால் அதுவும் போச்சு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அந்த நேரம் பார்த்து இயக்கப் பொடியள் வாகனம் எடுக்கத் தொடங்கினார்கள். எந்த இயக்கம் என்று கேட்காதீர்கள், அப்போது எங்களுக்கே விளங்கவில்லை. "அவசரத் தேவை ஐயா, அலுவல் முடியத் திருப்பித் தருவம்" என்பார்கள். மரியாதையான பிள்ளைகள். திரும்பி வந்த வாகனத்தை மட்டும் நான் கண்டதில்லை. ஓடக்கூடிய காருக்குத்தான் முதல் கண், அதிலும் எங்களுடையது ஊருக்கே கேட்கிற கார்.

அப்பா காவலை ஆரம்பித்தார். எஞ்சினுக்குள் றோட்டர் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் எந்தக் கொம்பனாலும் காரை இயக்க ஏலாது. பொழுதுபட அதைக் கழற்றி வந்து வெற்றிலைத் தட்டத்துக்குள் பாக்கோடு பாக்காகப் போட்டு வைப்பார். ஒருநாள் மாப்பிள்ளையின் தகப்பனார் வந்திருந்தபோது, அவர் பேச்சு மும்முரத்தில் அதைப் பாக்கென்று எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார். "என்ன, பாக்கு இந்தக் காய்ச்சலாக் காய்ஞ்சிருக்கு?" என்றார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினார். சம்பந்தி துப்பிய துண்டை அப்பா துடைத்து, பல் பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சம்பந்தியின் பல்லைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

றோட்டர் போதாதென்று சங்கிலி வந்தது. காரை மரத்தோடு கட்டினார். பிறகு சேற்றை அள்ளிப் பூசினார். "பழுது" என்று மட்டையில் எழுதிக் கண்ணாடியில் செருகினார். அதுவும் போதாமல் என்னைக் காவலுக்குப் போட்டார். அயல் பிள்ளைகளுக்கு நான் ரியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. அதையும் பூவரசடிக்கு மாற்றச் சொன்னார். நான் குளிக்கப் போனால்கூட உள்ளேயிருந்து குரல் வரும்: "ஆர் காரடியிலை நிக்கிறது?" எட கடவுளே! எனக்கு அந்தக் கார் ஒரு நோயாளிப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

அந்த வருஷம் மாரி மழைக்கு முன்னால், எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் இருந்த பொதுவேலியைப் பிரித்து, தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு கட்டி அடைக்க வேண்டியிருந்தது. பழைய கிடுகை எல்லாம் கழற்றிவிட்டார்கள். இரண்டு வீட்டு வளவும் ஒன்றாகத் திறந்து கிடந்தது. சித்தப்பாதான் சொன்னார்: "அண்ணை, வேலி திறந்தபடி கிடக்குது. என்ர வாசலாலை காரைக் கொண்டு வந்து உங்கட வளவுக்கை விடுங்கோவன். றோட்டிலை கிடந்தால் இண்டைக்கோ நாளைக்கோ."

நல்ல மனதோடு சொன்ன சொல். அப்பாவும் சந்தோஷமாகக் காரைக் கொண்டு வந்து எங்கள் மாமரத்தடியில் விட்டார். சித்தி கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். எனக்கு அன்று காவலிலிருந்து விடுதலை. நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் வேலி அடைக்கும்போது சண்டை வந்தது. சித்தப்பா வேலிக் கம்பாக நட்ட கதியால் எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நிற்கிறது என்றார் அப்பா. பழைய குழியில்தான் நட்டேன் என்றார் சித்தப்பா. எங்கள் ஊரில் கடையை எரித்தவனைக்கூட மறந்துவிடுவார்கள், வேலிக் கதியாலை மறக்க மாட்டார்கள். இரண்டு பேரும் தகப்பனுடைய காலத்திலிருந்து தொடங்கிப் பேசக்கூடாததெல்லாம் பேசினார்கள். சித்தப்பா ஆத்திரத்தில் அடியிலிருந்து நுனி வரைக்கும் நெருக்கமாகக் கதியால் போட்டு, கிடுகுக்கு மேல் கிடுகு வைத்து, காகம்கூட எட்டிப் பார்க்காதபடி அடைத்துவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பிக்கு வாய்ப்பேச்சு நின்றது. கார் உள்ளே. வெளியே போக இருந்த ஒரே வழி சித்தப்பாவின் வளவு.

அடைத்த கையோடு யாருக்கும் அது உறைக்கவில்லை என்பதுதான் பகிடி. அப்பா சந்தோஷமாகக் காரின் நாலு சில்லுகளையும் கழற்றி, அதைப் பனங்குற்றிகளின் மேல் இருத்தி, கிடுகால் மூடினார். பிறகு பொடியள் வந்தார்கள். ஒழுங்கையால் வந்து, கிடுகைத் தூக்கிப் பார்த்து, வேலியைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, இது எப்பிடி உள்ளை வந்தது?" என்றான். அப்பா பெருமையோடு சொன்னார். அவன் சிரித்துவிட்டான். "வேலியை வெட்டினால் உங்கட சண்டையும் எங்கட தலையிலைதான் விழும். எங்களுக்கு இருக்கிற சண்டை காணும் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். எனக்குத்தான் அப்போது உறைத்தது. ஆயுதத்தோடு வந்தவர்களாலேயே எடுக்க முடியாத காரை மாப்பிள்ளை எப்படி எடுப்பார்?

தையில் கலியாணம் என்று முடிவானது. அதற்கு முன் காரைக் கொண்டுபோய் ஊர்காவற்றுறையில் பாதையில் ஏற்ற வேண்டும். கடலில் வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு எங்களிடம் பாதை என்றுதான் பெயர். அதுவரை கொண்டுபோக முதலில் வேலி திறக்க வேண்டும். "தம்பியிட்டை ஒரு சொல்லுக் கேளுங்கோவன்" என்று அம்மா காலைப் பிடிக்காத குறை.

அப்பா கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வாய்ப்பேச்சு இல்லாதவர்களும் பேசிக்கொள்வார்கள், ஆனால் ஆளிடம் அல்ல. அப்பா எங்கள் வீட்டு ஆட்டை வேலியோரம் இழுத்துக்கொண்டு போய்க் கட்டினார். தொண்டையைச் செருமினார். பிறகு ஆட்டைப் பார்த்து உரத்த குரலில், "எடியே, ஒரு பெட்டைப்பிள்ளையின்ர காரியம். ஒரு நாளைக்கு வழி விட்டால் ஆரும் குறைஞ்சு போவினமே?" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். வாளி கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் வாளியிடம் சொன்னார்: "கேக்கிறதுக்கு ஒரு வாய் வேணும். அது சிலபேருக்கு இல்லை."

அப்பா முகம் சிவந்து உள்ளே வந்தார். "நான் கேட்டனான். அவன் மாட்டன் எண்டிட்டான்" என்றார். நான் போய்க் கேட்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். "அவன்ர வாசல் மிதிச்சியோ, பிறகு நான் இந்த வீட்டிலை இல்லை" என்றார். வெறும் பேச்சாக இருக்காது. எனக்கு அவரைத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செருப்பைக் கழற்றினேன்.

தை போய்ச் சித்திரைக்குத் தள்ளினார்கள். சித்திரைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, வேலியைப் பார்த்து, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். ஆவணியில் மாப்பிள்ளைக்கு மானிப்பாயில் கலியாணம் என்று கேள்விப்பட்டோம். அங்கே என்ன கார் கொடுத்தார்களோ தெரியாது.

கார் பத்திரமாக இருந்தது. நானும் பத்திரமாக இருந்தேன். கோழி அதன் பின் சீற்றில் முட்டை இட்டது. மத்தியானங்களில் எல்லோரும் படுத்திருக்கும்போது நான் கிடுகை விலக்கி உள்ளே போய் ஓட்டுபவரின் இடத்தில் உட்காருவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது, அதற்காகத்தான். வெயிலில் உள்ளே அவியும். கண்ணாடிக்கு முன்னால் ரோட்டுக்குப் பதில் சித்தப்பாவின் கிடுகுவேலி. கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வருஷத்துக்கு வருஷம் புதுக் கிடுகு ஏறியது. வேறு வரன் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் மாமரத்தடியைப் பார்த்துவிட்டுத் திரும்பின. சில நாள் அந்த ஸ்டியரிங்கைப் பல்லால் கடிக்க வேண்டும்போல ஆத்திரம் வரும்.

தொண்ணூறில் ஆமி தீவுக்குள் இறங்கியது. காலையில் ஊர்காவற்றுறைப் பக்கம் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. ரோட்டால் வருகிறார்கள் என்று சனம் ஓடியது. நாங்கள் இரண்டு பையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஒழுங்கையால் போய்க் கரைக்கு இறங்கி, அராலிப் பக்கம் வள்ளம் ஏறுவது என்று யோசனை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் கத்திச் சத்தம். சித்தப்பாவின் வாசல் ரோட்டைப் பார்த்தது, அந்த வழியால் அவர் போக ஏலாது. கொடுவாக்கத்தியால் கதியாலை வெட்டினார். காய்ந்த கிடுகு பொலபொலவென்று விழுந்தது. கால் ஏலாத சித்தியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தார். "வாங்கோ அண்ணை, உங்கட ஒழுங்கையாலை போவம்" என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

நான் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் தாராளமாகப் போகும். அந்தப் பக்கம் வாசல், வாசலுக்கு அப்பால் ரோட்டுத் தெரிந்தது. வேலி வெட்டுவது ஒரு நிமிஷ வேலை. செல் விழுகிற நேரத்தில் என் வாய் நிற்கவில்லை.

"சித்தப்பா, இதை அப்ப வெட்டியிருக்கலாமே?"

"அப்ப என்னட்டை ஆர் கேட்டது?"

"அப்பா கேட்டவர்."

"கொப்பர் ஆட்டிட்டைக் கேட்டவர் பிள்ளை" என்றார் சித்தப்பா. கைவண்டியை நிறுத்தவில்லை. "ஆட்டிட்டைக் கேட்டால் ஆடுதானே வழி விட வேணும். நான் கத்தியைத் தீட்டி வைச்சுக்கொண்டு மூண்டு மாசம் பாத்தனான், அண்ணை வருவார், ஒரு சொல்லுக் கேப்பார் எண்டு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மாமரத்தடிக்குப் போய்க் கிடுகை விலக்கி, காரின் இரண்டு கதவையும் பூட்டினார். கைபிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியை மடியில் செருகிக்கொண்டு வந்தார்.

ஆட்டை அவிழ்த்து விட்டது நான். அது அப்பா வழி கேட்ட அந்த ஆட்டின் குட்டி. நாங்கள் எல்லோரும் ஒழுங்கையால் இறங்க, அது வேலியில் இருந்த அந்த வழியால் நடந்து சித்தப்பாவின் வளவைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.