குங்கிலியம் பூசிய பூனைக்கடி

ராயபுரத்தில் ஒரு படகுப் பட்டறையை ஒட்டிய டிஸ்பென்சரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். படித்தது நாலாம் வகுப்பு. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் புண் கழுவிக் கட்டுவது என் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை முனுசாமி வந்தார். சரக்குப் படகுகளின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியப் பிசின் பூசி அடைக்கும் கலப்பத்து வேலை அவருக்கு. எலிக்காகப் பட்டறையில் வளர்த்த பூனை, வலது கட்டைவிரலின் அடியில் கடித்திருந்தது. இரண்டே பல் தடம். அதன்மேல் அவரே குங்கிலியத்தை அப்பியிருந்தார்.

“ஓட்டைய அடச்சிட்டேன் நைனா. ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது. நீ சும்மா துணி சுத்தி வுடு,” என்றார்.

அதை எடுத்துவிட்டுக் கழுவவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் வயதில் மூத்தவர். கூட வந்த ஆட்களோ, பூனைக்குப் பயந்து மருந்துக்கு வந்தவர் என்று அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. துணி சுற்றி அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை காய்ச்சலோடு வந்தார். கை முழங்கை வரை வீங்கியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. டாக்டர் மறுநாள்தான் வருவார். தேங்காயெண்ணெய் தடவிக் குங்கிலியத்தை இளக்கி எடுத்தேன். நாற்றத்தோடு சீழ் பீறிட்டது. ஜட்கா பிடித்து நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இன்றே கீறாவிட்டால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் சர்ஜன். இதை மூடியது யார் என்று கேட்டார். பூசியது அவர், எடுக்காமல் விட்டது நான் என்றேன்.

மூன்று இடங்களில் கீறி, தையல் போடாமல், சீழ் வடியத் துணித்திரி வைத்தார்கள். பத்து நாள் கழித்து முனுசாமி திரும்பி வந்தார். தினமும் கட்டு மாற்றுவது என் வேலையாயிற்று. வாய் பிளந்த புண்ணைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மடியில் குங்கிலியம் வைத்துக்கொண்டு வந்தார்.

“இத்த இப்டியே தொறந்து வுட்டா இன்னாத்துக்கு ஆவும்? நானே அடச்சிக்கிறேன்.”

“படகுல தண்ணி நிக்கசொல்ல அடப்பியாண்ணா?”

“எறச்சிட்டுதான் அடப்பேன்.”

“இதுல இன்னும் சீழு கீதுண்ணா.”

அதன்பிறகு அவர் குங்கிலியத்தைப் பற்றிப் பேசவில்லை.

கை பிழைத்தது. கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. பஞ்சை அடித்து இறக்கும் கொட்டாப்புளியை இடது கையில் பிடித்து வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடி எவ்வளவு சிறியதானாலும் கழுவாமல் மூடி அனுப்பாதீர்கள். வந்தவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமையே நான் வாய் திறந்திருந்தால் அந்த விரல் முழுதும் மடங்கும்.