சுகமல்லே?

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது எனக்கு மலையாளத்தில் தெரிந்த ஒரே சொல் பாண்டிகசாலை. மாப்பிள்ளை பாண்டிகசாலையில் எடை பார்க்கிறவர், அதற்கு மேலேயே வீடு என்று பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் கோவில்பட்டி வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். வேறொன்றும் இல்லை, நம் பண்டகசாலைதான், சரக்குக் கிடங்கு. ஆனால் அந்த ஊரில் நம் ஆட்களைப் பாண்டி என்பார்கள் என்பது வந்த மாதமே தெரிந்துபோனதால், பாண்டிகளைப் பூட்டி வைக்கிற சாலை என்றுதான் நான் ரொம்ப நாள் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அதிலும் பெரிய தப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது.

கீழே முழுக்கச் சுக்கும் மிளகும். மேலே எங்கள் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, குளிக்க ஒரு மறைப்பு. மாடிப்படி தெருவுக்கு இறங்காது, கிடங்குக்குள்ளேதான் இறங்கும். தெருவுக்குப் போக வேண்டுமானால் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே கிடங்கின் நீளம் முழுக்க நடந்து பெரிய வாசலுக்குப் போக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே சுமைக்காரர்கள் முண்டு வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, இரும்புக் கொக்கியால் மூட்டையைக் குத்தி இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போனதும் பெரிய கதவைப் பூட்டிவிடுவார்கள். திறந்திருக்கும்போது நான் இறங்கக் கூடாது. இறங்கலாம் என்கிறபோது திறந்திருக்காது. இதுதான் என் குடித்தனம்.

அவர் என்னை அடித்தவரில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னவரில்லை. ஆட்கள் வருவதற்கு முன்னால் தண்ணீர் பிடித்து மேலே கொண்டுவந்து வைத்துவிடுவார். காய்கறி, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் அவரே. ஞாயிற்றுக்கிழமை கதவிலிருக்கும் சின்ன திட்டிவாசலைத் திறந்து என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். குனிந்த தலை நிமிராமல் போய்க் குனிந்த தலை நிமிராமல் வருவோம். "இந்த ஊர்ல யாரையும் நம்பாத. நமக்குன்னு இங்க ஒரு நாதி கிடையாது" என்பார். அத்தனை வருஷம் அந்த ஊரில் தனியாக இருந்திருக்கிறார், ஒருத்தர் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. அவருக்குப் பயம். அந்தப் பயத்தைத் தூக்கி என் மேல் மூடினார். அப்போது இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. கோபம் மட்டும் வந்தது, மூக்கு முட்ட வந்தது. சுக்குத் தூசியில் தும்மித் தும்மி, யாரிடமும் பேசாமல், என் குரலே எனக்கு மறந்துவிடுமோ என்று சில நாள் சட்டியோடும் கரண்டியோடும் சண்டை போட்டிருக்கிறேன்.

இருந்தது ஒரே ஒரு ஜன்னல், கம்பி போட்டது. அதற்கு நேர் எதிரே, கரண்டியை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜன்னல். அதில் ஒரு சேச்சி. சட்டையும் முண்டும், கழுத்தில் சிலுவை, என் அம்மா வயது இருக்கும், நல்ல தாட்டிகமான உடம்பு. நான் வந்த மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சுகமல்லே?"

எனக்கு அது "சுகமில்லே?" என்றுதான் காதில் விழுந்தது. வந்ததும் வராததுமாக, உடம்புக்குச் சுகமில்லையா என்கிறாளே! நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். நன்றாயிருக்கிறவளைப் பார்த்து தினம் தினம் சுகமில்லையா, சுகமில்லையா என்று கேட்டால் எரியுமா எரியாதா? ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஆமா! அதுக்கென்ன இப்ப?" என்றேன்.

அவள் கண்ணை அகல விரித்தாள். "ஆமயோ?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்து, கழுத்தைத் தோளுக்குள் புதைத்து, ஆமை மாதிரியே என்னைப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரிடம் பொரிந்து தள்ளினேன். "ஆமான்னா இவங்க பாஷையில ஆமை. 'அதே'ன்னு சொல்லணும்" என்றார். "அத விடு. நீ எதுக்குட்டி அவகிட்ட வாய் குடுக்க?" அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சுகமல்லே என்றால் நலந்தானே என்று அர்த்தம் என்பதை அன்றே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதிலிருந்து எனக்குப் பெயர் ஆமை ஆயிற்று. "ஆமே! எடீ ஆமே!" என்று காலையில் கூப்பிடுவாள். நான் திறக்க மாட்டேன். அவளும் விட மாட்டாள். கொஞ்ச நாளில், கூப்பிடாத காலையில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கூப்பிடுவாளா என்று ஜன்னலுக்குப் பின்னால் காத்து நிற்க ஆரம்பித்தேன். கூப்பிட்டதும் திறந்து முறைத்துவிட்டுச் சாத்துவேன். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகம் அந்த முறைப்புதான்.

தீபாவளி வந்தது. தலைத் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது என்றுவிட்டார். கிடங்கு முதலாளி குஜராத்தி சேட். அவர்கள் தீபாவளி நமக்கு மறுநாள். அதனால் நம் தீபாவளியன்று லீவு கிடையாது, லோடு வேறு வந்திருந்தது. விடியுமுன்னே எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மா கொடுத்தனுப்பிய அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அவர் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு இறங்கிப்போனார். ஒரு வெடிச்சத்தம் இல்லை. கொக்கி மூட்டையில் குத்துகிற சத்தம் மட்டும். எங்கள் தெருவில் இந்நேரம் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்சில்லாத பங்காளிகூட அன்று ஒருநாள் கேட்பான். இங்கே என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை. புதுச் சேலையோடு ஜன்னலைத் திறந்து வைத்து நின்றேன்.

சேச்சி வந்தாள். சேலையைப் பார்த்தாள். வழக்கம்போல, "சுகமல்லே?"

என்னமோ உடைந்தது. "சுகமில்ல! ஆமா, எனக்குச் சுகமே இல்ல!" என்று கத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவை நினைத்து அழுதேன். அந்தப் படியை நினைத்து அழுதேன். நிமிர்ந்தபோது எதிர் ஜன்னலில் ஆளைக் காணோம். சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

அவர்கள் பாஷையில் சுகமில்லை என்றால் நோய். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே களேபரம். "மாறெடா! வழி மாறெடா!" என்று ஆட்களை வழிவிடச் சொல்லும் சேச்சியின் குரல். நான் பத்து மாதமாகத் தாண்டப் பயந்த அந்தக் கிடங்கை, மூட்டைக்கும் ஆட்களுக்கும் நடுவில், அவள் கட்டியிருந்த முண்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்தாள். கையில் கஞ்சிப் பாத்திரம். பின்னால் தெருவில் தண்ணீர் பிடிக்கிற பைப்படியிலிருந்து இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் சுக்குக் காப்பி. சுக்குக் கிடங்கு மேல் குடியிருக்கிறவளுக்குச் சுக்குக் காப்பி! அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடு இல்லை. சேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மோளே, விசேஷம் வல்லதும் உண்டோ?"

விசேஷம்! ஒருத்தியாவது கேட்டாளே என்று எனக்கு ஆனந்தம். சேலையைத் தொட்டுக் காட்டித் தலையை வேகமாக ஆட்டினேன். "உண்டு, உண்டு! இன்னிக்கு விசேஷம்தான்!"

"எத்ர மாசம்?"

"ஐப்பசி மாசம்!" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், பெண்ணுக்கு மாசம் எண்ணத் தெரியவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். சேச்சி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். மற்றவர்கள் என் கன்னத்தைத் தடவினார்கள். தீபாவளிக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நான் மலைத்துப்போனேன். கஞ்சியை ஊட்டிவிட்டு, போகிற வழியில் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

மத்தியானம் அவர் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "கீழ எல்லாரும் கையப் பிடிச்சுக் குலுக்குதாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க. சுமைக்காரங்களுக்குத் தலைவன் அந்த மூப்பன், ஒரு நாள் மூஞ்சி கொடுத்துப் பேசாதவன், கட்டிப் பிடிச்சுக்கிட்டான்" என்றார். பிறகு மெதுவாக, "நெசமாட்டி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இல்லை என்று சொன்னேன். அந்த முகம் அப்படியே அணைந்துபோனது. ஒரு பிள்ளைக்காக மட்டும் இல்லை. அத்தனை வருஷத்தில் அந்த ஊர் அவரைத் தொட்டது அந்த ஒரு காலையில்தான்.

"இனி அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டார். "இதைத் திறக்காத."

மறுநாள் சேட்டின் தீபாவளி. கிடங்குக்குப் பூட்டு. சாத்திய ஜன்னலுக்குள் இரண்டு பேரும் இருந்தோம். வெளியே யார் யாரோ வெடி போட்டார்கள். சேச்சி "ஆமே! எடீ ஆமே!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்தாள். கொண்டியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உண்மை தெரிந்தால் அவளும் வர மாட்டாள், இனி இந்த அறைதான், செத்தாலும் இந்த அறைதான் என்று பட்டது.

பண்டிகை முடிந்து கிடங்கு திறந்த காலையில் அவள் படியேறியே வந்துவிட்டாள். கையில் ஒரு தட்டு அவித்த கப்பைக்கிழங்கு. வாசலிலேயே அவளை நிறுத்தி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இல்ல சேச்சி. ஒண்ணுமில்ல. நான் சொன்னது தீபாவளிய" என்று கையையும் காலையும் ஆட்டிச் சொல்லி முடித்தேன். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

நான் சிரிக்கவில்லை. "இனி வர மாட்டீங்கல்ல? நானும் கீழ வர முடியாதுல்ல?" என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"கர்ப்பம் இல்லெங்கில் எந்தா? நினக்குக் காலு இல்லே?"

மூலையிலிருந்த குடத்தை எடுத்து என் இடுப்பில் வைத்தாள்.

இறங்கினோம். ஒருத்தன் பார்த்துவிட்டு, "வழி மாறு, கர்ப்பிணியாணு!" என்று சத்தம் கொடுத்தான். கொக்கிகள் நின்றன. தராசுக்குப் பக்கத்தில் அவர் வெளிறிப்போய் நின்றார். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வயிற்றில் இல்லாத பிள்ளையை வைத்து எத்தனை நாள் நடப்பது? "கர்ப்பிணியும் இல்ல, ஒண்ணும் இல்ல! சும்மா தண்ணி பிடிக்கப் போறேன்!" என்று உரக்கச் சொன்னேன்.

அந்த மூப்பன் குறுக்கே கிடந்த மூட்டையைக் காலால் தள்ளினார். "வெள்ளம் எடுக்கானல்லே? போயிட்டு வா பெங்ஙளே" என்றார். வெள்ளம் என்றால் தண்ணீர், பெங்ஙள் என்றால் கூடப் பிறந்தவள்.

சேச்சி தராசின் முன்னால் நின்றாள். ஊரில் எல்லாரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டாள், "சுகமல்லே?"

அதே, அதே என்று அத்தனை வருஷம் பழகிய வாய். அன்றைக்குத் தடுமாறி, "ஆமா" என்றது.

"ஆமயோ!" என்று கிடங்கே அதிர்ந்தது. அவர் முகம் சுருங்கப் பார்த்தது, சுருங்க முடியாமல் நெளிந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். சத்தமாக. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

"ஏட்டி!" என்றார் பின்னாலிருந்து. மேலே போ என்பார் என்று நினைத்தேன். திரும்பினேன்.

"இன்னொரு குடமும் மேல இருக்கு. அதையும் எடுத்துட்டுப் போ."

நான் திரும்பி மேலே ஏறி, இன்னொரு குடத்தையும் எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை தனியாக, அதே படியில் இறங்கி வந்தேன்.